முதலாளியின் மஞ்சள் பனியன்

மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்கிற பொருளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் லேப் வேலை. இந்த வேலையில் சோறு தின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கும்போது நான் பட்ட அவஸ்தை உங்களுக்குப் புரியும். "ஆஸ்பத்திரியில" என்று சொல்லிவிட்டு அவசரமாக ரசத்தை வாங்கிக்கொள்வேன்.

அறுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து சேர்ந்தேன். ஒரு டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் ஓர் அறை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு மைக்ராஸ்கோப், அப்புறம் நான். வெளியே எந்தச் சந்தில் நுழைந்தாலும் பனியன் கம்பெனி. அந்தக் காலத்தில் பனியன் என்றால் வெள்ளைதான், கலர் பேச்சே கிடையாது. எங்கள் அறைக்கு அதிகமாக வந்ததோ மஞ்சள் காமாலைக்காரர்கள். ஊரே வெள்ளையை விற்றுப் பிழைத்தது. நான் மஞ்சளைப் பார்த்துப் பிழைத்தேன்.

ஒரு பையில் இரண்டு டின்

இந்த ஊர் மரியாதைக்கு முதலில் நான் திணறித்தான் போனேன். எங்கள் பக்கம் கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் 'ஏலே'தான். இங்கேயோ மூத்திரப் பாட்டிலைக்கூட இரண்டு கையாலும் நீட்டி, "வெச்சுக்கோங்க" என்பார்கள். நானும் இரண்டு கையாலும் வாங்கிப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் ஊத்துக்குளியிலிருந்து ஓர் அம்மா ரயிலில் வந்து இறங்கினார். வீட்டுக்காரருக்குக் காமாலை. அவருடைய மூத்திரத்தை ஒரு நெய் டின்னில் பிடித்து, மூடியைத் துணியால் கட்டி, மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதே பையில் டாக்டரம்மாவுக்கு அன்பளிப்பாக இன்னொரு டின்னும் இருந்தது. அதில் நிஜமாகவே வெண்ணெய் காய்ச்சிய நெய். இரண்டும் ஒரே அளவு, ஒரே துணி, ஒரே முடிச்சு. ஆயா எந்த டின்னை டாக்டரம்மா மேசைக்குக் கொண்டுபோனாள், எது என் மேசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பதறிப்போய் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் பதறவே இல்லை.

"ரெண்டும் நம்மூட்டு டின்னுதானுங்க. மோந்து பார்த்தீங்கன்னா தெரிஞ்சு போகுமுங்க."

மூழ்கிய கந்தகம்

காமாலையைக் கண்டுபிடிக்க அப்போது எங்களிடம் இருந்த சுலபமான வழி கந்தகப் பொடி. மூத்திரத்தின் மேல் ஒரு சிட்டிகை தூவ வேண்டும். பொடி மிதந்தால் கவலையில்லை. மூழ்கினால், குடலுக்குப் போக வேண்டிய பித்தம் வழிமாறி ரத்தத்தில் கலந்து மூத்திரத்தில் இறங்குகிறது என்று அர்த்தம். பார்க்க வித்தை மாதிரி இருக்கும். நோயாளிகள் கூட வந்து நின்று, பொடி மிதக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்ப்பார்கள்.

குப்புசாமி முதலாளி என்று ஒருவர். நல்ல பெயருள்ள பனியன் கம்பெனிக்காரர். நொய்யல் ஓரத்தில் அவருடைய சலவைப் பட்டறை இருந்தது. பின்னல் மெஷினிலிருந்து பழுப்பாக வருகிற துணியை வெளுத்துக் கொடுக்கிற இடம். அங்கே மாஸ்டர் நாச்சிமுத்து. பட்டறையில் ஓர் ஆளுக்குக் காமாலை வந்ததும், எல்லாரும் ஒரே பானைத் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஆயிற்றே என்று, நாச்சிமுத்து மீதி அத்தனை பேருடைய மூத்திரத்தையும் ஆளுக்கொரு பாட்டிலில் பிடித்துக் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்துவிட்டார். நான் வரிசையாகப் பொடியைத் தூவினேன். ஒன்று விடாமல் எல்லாம் மூழ்கியது. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். டாக்டரம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து பட்டறைக்கே போய், ஒவ்வொருவர் கண்ணையும் இழுத்துப் பார்த்தார். எல்லார் கண்ணும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

திரும்பி வந்து ஒரு பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன். நுரை பொங்கியது. காமாலை மூத்திரத்திலும் நுரை வரும், ஆனால் அது மஞ்சள் நுரை. இது வெள்ளை. பட்டறையில் துணிக்கு ஊற்றுகிற சோப் ஆயிலில் பாட்டில்களைக் கழுவி, சரியாக அலசாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் கந்தகம் மூழ்கிவிடும். ஏனய்யா இப்படிச் செய்தீர்கள் என்றேன். நாச்சிமுத்துவுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"டாக்டரம்மா கைக்குப் போற பாட்டிலுங்க. வெறும் தண்ணியில கழுவித் தந்தா மரியாதையா இருக்குமுங்களா?"

பரிசோதனைக்கு வந்த பனியன்

சோப்புப் பாட்டில் கதை ஊர் முழுக்கப் பரவியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் குப்புசாமி முதலாளிதான் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனிதர். கம்பெனிக்குள் அவர் சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. வேட்டியும், தன் கம்பெனி பனியனும்தான். வாங்க வருகிற வியாபாரிகளிடம் கழுத்தைப் பிடித்து இழுத்துக் காட்டி, "இழுங்க, நீங்களும் இழுத்துப் பாருங்க" என்பார். விளம்பரப் பலகை வேறு எதற்கு?

சில மாதம் கழித்து நாச்சிமுத்து என் அறைக்கு வந்தார். இந்த முறை பாட்டில் இல்லை, காகிதத்தில் சுற்றிய ஒரு பனியன். முதலாளி ஒரு நாள் போட்டுக் கழற்றியது. கழுத்திலும் அக்குளிலும் மஞ்சள் படர்ந்திருந்தது. "வெளுப்புச் சரியில்லைன்னு ஒரு வாரமாத் திட்டு வாங்கறனுங்க. மறுபடி வெளுத்துக் கொடுத்தாலும் மறுநாள் இப்படித்தான் வருது. வேற மாஸ்டர் பாத்துக்கறேன்னு எல்லாத்து முன்னாலயும் சொல்லிப்போட்டாருங்க. துணியில மருந்து கிருந்து தங்கியிருக்குதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் வெளுப்பு.

லேபுக்கு என்னென்னவோ வந்திருக்கிறது, பனியன் வந்தது அதுதான் முதலும் கடைசியும். முதலாளி உடம்பைச் சொறிகிறாரா என்று கேட்டேன். "அதை ஏன் கேக்கறீங்க! ஸ்கேலை எடுத்து முதுகைச் சுரண்டறாரு. நான் துணியைச் சரியா அலசாம விட்டதாலதான் அரிப்பாமுங்க" என்றார். பித்தம் அடைத்து ரத்தத்தில் ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும், வேர்வைகூட மஞ்சளாக இறங்கும். பனியனை மடித்து அவர் கையில் கொடுத்து, இது துணிக்கு வந்த கோளாறு இல்லை, முதலாளியை உடனே டாக்டரம்மாவிடம் அழைத்து வாருங்கள் என்றேன். நாச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"நான் துணிக்கு வைத்தியம் கேக்க வந்தனுங்க. ஆளுக்குன்னா நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

கறுப்புக் கண்ணாடி

நான் சொல்லியனுப்பியதைக் கேட்டு, கடைசியில் முதலாளியை அழைத்து வந்தது அவர் மனைவி பாவாத்தாள். முதலாளி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், கண்ணை மறைக்கத்தான். டாக்டரம்மா அதைக் கழற்றச் சொல்லி இமையை இழுத்துப் பார்த்தார். கண் சாமந்திப் பூ மஞ்சள். மூத்திரம் டிகாக்ஷன் மாதிரி. மலம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துப் போகிறது என்று பாவாத்தாள் தணிந்த குரலில் சொன்னார். மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், இருக்கக்கூடாத இடத்திலெல்லாம் இருந்தது.

பொடியைத் தூவினேன். நேராகக் கீழே போனது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "சோப்புப் பாட்டிலுங்க! எனக்குத் தெரியாதா?" என்றார். நான் என் பாட்டிலைக் கொடுத்து மறுபடி பிடித்து வரச் சொன்னேன். அதிலும் மூழ்கியது. வடிதாளில் மருந்து சொட்டிப் பார்க்கிற இன்னொரு பரிசோதனையும் செய்து காட்டினேன். தாள் பச்சையாக மாறியது, பித்தம் இருந்தால்தான் அப்படி மாறும். டாக்டரம்மா நிதானமாக விளக்கினார்: ஈரலிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்குகிற குழாயில் அடைப்பு. உங்கள் பட்டறையில் கால்வாய் அடைத்தால் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஏறுமில்லையா, அப்படி. கல்லாக இருந்தால் எடுத்துவிடலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். விட்டுவைத்தால் ஈரலே கெட்டு ஆளே போய்விடுவார்.

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் பாவாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முதலாளி அதைக் காதிலேயே வாங்காதவர்போல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்க பாட்டிலையும் நாச்சிமுத்துதான் கழுவுனானுங்களா?"

சுண்ணாம்புத் தண்ணீர்

காமாலைக்கு மருந்து தெரியாத ஆள் திருப்பூரில் நான் ஒருவன்தான் இருந்திருப்பேன். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கச் சொன்னவர்கள், உப்பை நிறுத்தச் சொன்னவர்கள், கையில் சூடு போடச் சொன்னவர்கள் என்று முதலாளி வீட்டு வாசலில் கூட்டம். தண்ணீரால் வருகிற சாதாரணக் காமாலை கொஞ்ச நாளில் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். குழாய் அடைப்புக்குப் பாவம் கீழாநெல்லி என்ன செய்யும்? சூடு போட வந்தவரைப் பாவாத்தாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். நாலு நாளைக்கு ஒருமுறை மூத்திரத்தை என்னிடம் கொண்டுவருவார். ஒவ்வொரு முறையும் நிறம் இன்னும் கறுத்திருக்கும். நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் அதையே பார்ப்பார். அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு மந்திரக்காரர் வந்த கதையைப் பாவாத்தாள்தான் சொன்னார். அவர் முதலாளியின் கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தடவி, மந்திரம் சொல்லி, சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னாராம். தாம்பாளத்துத் தண்ணீர் மஞ்சளாக மாறியது. "காமாலை இறங்குது பாருங்க!" என்றாராம். வீட்டில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முதலாளி மட்டும் தண்ணீரை வெளிச்சத்துக்குத் தள்ளி வைத்துக் குனிந்து பார்த்தார். மந்திரக்காரர் கையிலும் கொஞ்சம் சாற்றைத் தடவிக் கழுவச் சொன்னார். அதுவும் மஞ்சளானது. மந்திரக்காரர் முகம் செத்துப்போனது. முதலாளிக்குக் கோபமே வரவில்லை. சாப்பிடச் சொல்லி, பஸ் செலவுக்கும் கொடுத்து அனுப்பினாராம்.

"கலர் நல்லாப் புடிச்சிருக்குதுங்க. எந்த மரத்துப் பட்டைன்னு சொல்லிப்போட்டுப் போனீங்கன்னா, சாயத்துக்கு ஆகுமுங்க."

இரண்டு பீஸ்

அப்புறம் ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. பல் விளக்கினால் நிற்கவில்லை. பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் ரத்தம் உறைகிற சக்தியும் குறைந்துவிடும். இனியும் தள்ளிப்போட்டால் ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொள்ள முதலாளி வந்தார், பாதி ஆளாகி இருந்தார். இழுத்துக் காட்டுகிற பனியன் கழுத்தில் தானாகவே தொங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போதும் அவர் சொன்னது ஒன்றுதான்: வெளுப்புச் சரியில்லை, உடம்புக்கு அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

பாவாத்தாள் பையிலிருந்து இரண்டு பனியன்களை எடுத்தார். ஒரே லாட், ஒரே சைஸ், ஒரே நாளில் வெளுத்தவை. ஒன்றை முந்தின நாள் முழுக்க முதலாளி போட்டிருந்தார். இன்னொன்றை அதே நாள் முழுக்க நாச்சிமுத்து போட்டிருந்தார். நாச்சிமுத்துவுக்கு அது லேசில் ஒப்புக்கொள்கிற காரியமாக இல்லை. அவர் எப்போதும் ஓட்டை விழுந்து கழித்த செகண்ட்ஸ் பனியன்தான் போடுவார், முதல் தரத்தைப் போட்டுப் பட்டறை வெயிலில் வேர்க்க விடுவதா என்று தயங்கினாராம். பாவாத்தாள் இரண்டையும் என் மேசையில் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக விரித்தார். கம்பெனியில் சரக்கு பாஸ் செய்வது அப்படித்தான். முதலாளி இரண்டு பீஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், வாய்ப்பேச்சை நம்ப மாட்டார்.

"ஏனுங், இதுல எந்த வெளுப்புத் தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் பாவாத்தாள். நாச்சிமுத்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். முதலாளி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நாச்சிமுத்துவின் பனியனைத் திருப்பினார், அக்குளைப் பார்த்தார், வேர்வை உப்பு பூத்திருந்தது, ஆனால் வெள்ளை. தன்னுடையதைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் அதன்மேல் கண்ணை வைத்திருந்துவிட்டு, தீர்ப்புச் சொன்னார்.

"சரக்கு நல்லாத்தான் இருக்குது. போட்ட ஆளுதான் சரியில்லை. கோயமுத்தூருக்குக் காரைச் சொல்லு, பாவாத்தா."

ரத்தம்

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டியிருந்தது. நாச்சிமுத்து தானாகவே வந்து கையை நீட்டினார். வேறு மாஸ்டர் பார்த்துக்கொள்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சொன்ன மனிதருக்குக் கொடுக்கிறோமே என்ற நினைப்பு துளியும் அவரிடம் இல்லை. எனக்கிருந்தது. வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். "அவரு திட்டாம வேற யாருங்க என்னைத் திட்டறது?" என்றார்.

சொட்டு ரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் முதலாளியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தேன். பொருந்தியது. நான் நிமிர்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"சோப்பு கீப்பு ஒண்ணும் கலந்திருக்கலீங்களே?"

வரிசையில் ஒரு நல்ல செய்தி

கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்த நாளில் எனக்கு எந்த வேலையும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அது எந்த வேலையையும்விடக் கஷ்டம். குழாயில் இருந்தது கல்தான், எடுத்துவிட்டார்கள் என்று டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது. அப்படியும் அவர் சிரிக்கவில்லை. பித்தம் குடலுக்கு இறங்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை. வெளியே காமாலைக்காரர்கள் வரிசையாகப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கோயமுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாச்சிமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தார். வாசலிலேயே நின்று, அத்தனை பேரும் கேட்க, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. வரிசையில் இருந்தவர்கள்தான் பாவம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொதலாளிக்கு வெளிக்கு மஞ்சளாப் போச்சுங்க! நல்லா மஞ்சளா, வழக்கம்போலப் போச்சுங்க!"

அலசல்

உடம்பு தேறி வந்த முதலாளி, கம்பெனிக்குப் போவதற்கு முன் நேராகச் சலவைப் பட்டறைக்குப் போனார். எதற்கு என்று பாவாத்தாளுக்கே தெரியாது. டாக்டரம்மாவையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார், நாங்களும் போயிருந்தோம். துணி உலர்த்துகிற மைதானத்தில் ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். முதலாளி முந்தின நாள் காலையில் போட்ட பனியனைக் கழற்றாமலே வந்திருந்தார். நாச்சிமுத்துவின் எதிரில் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"பாஸ் பண்ணு, மாஸ்டர்" என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி நின்றார். நாச்சிமுத்து முதலில் கூச்சப்பட்டார். அப்புறம் தொழில் புத்தி வந்துவிட்டது. முதலாளியைத் தோளைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார். வலது அக்குளைப் பார்த்தார், இடது அக்குளைப் பார்த்தார், கழுத்துப் பட்டியை விரலால் மடித்துப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்காமலே முடிவைச் சொன்னார்.

"தேறுமுங்க மொதலாளி. கழுத்துல மட்டும் இன்னும் ஒரு அலசல் வேணுமுங்க."

எல்லாம் முடிந்து நான் கண்ட பலன், இன்றைக்கும் எதிரே யாராவது வெள்ளைப் பனியனோடு வந்தால், "நல்லாயிருக்கீங்களா?" என்று வாயால் கேட்பதற்கு முன்பே என் கண் அவர் அக்குளுக்குப் போய்ப் பதிலைத் தெரிந்துகொண்டு வந்துவிடுகிறது.